நெஞ்செரிச்சல்: நிவாரணம் என்று நினைத்து நாம் செய்யும் தவறுகள்

நடுராத்திரியில் நெஞ்சுக்குள் எரிந்து, தொண்டைவரை புளித்த நீர் ஏறி, திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தவர்களுக்குத்தான் இந்த அவஸ்தை புரியும். நானும் அப்படிப் பல இரவுகள் உட்கார்ந்திருக்கிறேன். அப்போது செய்ததெல்லாம் எல்லோரும் செய்வதுதான்: ஒரு தம்ளர் பால், ஒரு புதினா மிட்டாய், தலைக்கு இன்னொரு தலையணை. மூன்றுமே எரிச்சலை வளர்க்கக்கூடியவை என்பது பிறகுதான் தெரிந்தது.

தவறு பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. வயிற்றில் எது எரிந்தாலும் ‘அல்சர்’ என்று சொல்லிவிடுகிறோம். அல்சர் என்பது இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ விழும் புண். பெரும்பாலும் அதற்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி, இல்லையென்றால் வலி மாத்திரைகள். அந்தக் கிருமியைக் கண்டறிந்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. எதுக்களிப்பு, அதாவது இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறி வருவது, வேறு விஷயம். ‘அமிலம் அதிகமாகிவிட்டது’ என்று சொல்வதும் பலருக்குப் பொருந்தாது. சுரப்பது வழக்கமான அளவுதான், இருக்க வேண்டிய இடத்தை விட்டு மேலே வந்துவிடுகிறது.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் வளையம் போல ஒரு தசை இருக்கிறது. சுருக்குப் பையின் வாய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுங்கும்போது திறந்து, உடனே இறுக மூடிக்கொள்ள வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்டால் இரைப்பை விரிந்து, விழுங்காத நேரத்திலும் அந்த வாய் அடிக்கடி நெகிழ்ந்துவிடுகிறது. இரைப்பையின் உட்சுவரில் அமிலத்தைத் தாங்கும் கெட்டியான கோழைப் படலம் உண்டு. உணவுக்குழாய்க்கு அப்படி ஒரு கவசம் கிடையாது, அதனால்தான் இவ்வளவு எரிகிறது. தொப்பையும் இறுக்கமான பெல்ட்டும் கீழிருந்து அழுத்தும். கர்ப்பிணிகளுக்கு அழுத்தத்தோடு ஹார்மோனும் சேர்ந்து தசையைத் தளர்த்தும்.

இது புரிந்துவிட்டால் பாலும் புதினாவும் ஏன் உதவவில்லை என்பதும் புரியும். பால் குடித்ததும் குளுமையாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் அதிலுள்ள புரதமும் கால்சியமும் இரைப்பையை மறுபடி அமிலம் சுரக்கத் தூண்டிவிடும். புதினாவோ அந்தச் சுருக்கையே தளர்த்திவிடும். சாக்லேட், மது, எண்ணெய் மிகுந்த சாப்பாடு எல்லாம் இதே வேலையைச் செய்யக்கூடியவை. சிகரெட் தசையைத் தளர்த்துவதோடு உமிழ்நீரையும் குறைத்துவிடும். ஏறி வந்த அமிலத்தைக் கழுவி இறக்குவது உமிழ்நீர்தான், அதைக் குறைத்துக்கொள்வது பெரிய நஷ்டம்.

அதற்காக ஒரு நீளமான பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். காபி ஒருவருக்கு ஆகாது, இன்னொருவருக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு வாரம் ஒரு நோட்டில் என்ன சாப்பிட்டீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள், எப்போது எரிந்தது என்று எழுதிப் பாருங்கள். உங்கள் உடம்புக்கு ஆகாதது தானே தெரிந்துவிடும்.

படுக்கையில்தான் தவறுகள் அதிகம். உட்கார்ந்திருக்கும்போது ஏறும் அமிலத்தைப் புவியீர்ப்பே கீழே இழுத்துக்கொள்ளும். படுத்தால் அந்த உதவி போய்விடும். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பதும் விழுங்குவதும் மிகவும் குறைந்துவிடுவதால், ஏறிய அமிலம் அங்கேயே தங்கி அரித்துக்கொண்டிருக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே 3 மணி நேரமாவது வேண்டும் என்பது இதனால்தான். அப்புறம் தலையணை. மூன்று தலையணைகளை அடுக்கிப் படுத்தால் தலை மட்டும்தான் உயரும், உடம்பு இடுப்பில் மடிந்து வயிறு இன்னும் நசுங்கும். காலையில் கழுத்து வலியோடு எழுந்ததுதான் எனக்குக் கிடைத்த பலன். கடைசியில் கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் மரக்கட்டைகளை வைத்தேன். 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரம் போதும். முதல் இரண்டு நாள் கால்மாட்டுப் பக்கம் சறுக்குவது போலிருந்தது, பிறகு பழகிவிட்டது. இடப்பக்கம் சாய்ந்து படுப்பதும் நல்லது. அப்படிப் படுக்கும்போது இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே தொங்கும், வலப்பக்கம் படுத்தால் மேலே வந்துவிடும்.

மாத்திரை விஷயத்தில் நேரம் மிக முக்கியம். ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்றவற்றைப் பலர் எரியும்போது போட்டுக்கொண்டு, கேட்கவில்லை என்கிறார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டியவை அவை. சாப்பாடு வந்ததும் வேலையில் இறங்கும், இரைப்பைச் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் பம்புகளைத்தான் அவை அடைக்கும், முழுப் பலன் தெரியவும் சில நாட்கள் ஆகும். அதே சமயம் யாரையும் கேட்காமல் வருடக்கணக்கில் விழுங்குவதும் சரியில்லை, வைட்டமின் பி12, மக்னீசியம் குறையலாம். நெடுநாள் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினாலும் அமிலம் முன்பைவிட அதிகமாகப் பொங்கும். படிப்படியாகக் குறைப்பது எப்படி என்று மருத்துவரிடமே கேளுங்கள். சோடா உப்பைக் கரைத்துக் குடித்தால் சட்டென்று அடங்கும்தான், ஆனால் அதில் சோடியம் மிக அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

புளித்த நீர் வாய்வரை வந்ததும் பல் துலக்க ஓடுவதும் தவறு. அமிலத்தில் மென்மையான எனாமல் தேய்ந்துவிடும். வெறும் நீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

எதுக்களிப்பு என்று நினைத்து மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்ளக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. விழுங்கும்போது உணவு சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, கறுப்பாக மலம் போவது இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். எண்டோஸ்கோபி தேவைப்படலாம். ரத்த வாந்தி என்றால் அந்த நேரமே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

எனக்கு மிகவும் பயமாக இருப்பது ‘கேஸ்தான்’ என்ற ஒற்றைச் சொல். நெஞ்சில் பாரமாக அழுத்தி, கைக்கோ தாடைக்கோ வலி பரவி, வியர்த்து, மூச்சு வாங்கினால் அது மாரடைப்பாக இருக்கலாம். மாத்திரை போட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கேஸா இல்லையா என்பதை மருத்துவமனையில் இசிஜி எடுத்துப் பார்த்துச் சொல்லட்டும்.