கல்லாவில் போடும் முன்: நோட்டைத் தடவி, சாய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது எப்படி?

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கினால் டெல்டாவில் ரொக்கம் புழங்க ஆரம்பித்துவிடும். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்குக்குப் போனாலும், அறுவடை மெஷின் வாடகை, வைக்கோல் விலை, ஆள் கூலி எல்லாம் பெரும்பாலும் கைக்குக் கைதான். நாகப்பட்டினம் மீன் ஏலமோ, வேளாங்கண்ணித் திருவிழாக் கடையோ, மங்கிய விளக்கும் அவசரமும் சேர்கிற இடத்தில்தான் கள்ள நோட்டு நுழையும்.

நோட்டில் உள்ள படத்தை ஸ்கேனர் அப்படியே எடுத்துவிடும். சாய்த்தால் மாறுவதையும் விரலில் தட்டுப்படுவதையும் அதனால் எடுக்க முடியாது. அதனால் காந்தி படம் சரியாக இருக்கிறதா என்று உற்றுப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அதிகம் புழங்கும் 500 ரூபாயிலிருந்து தொடங்குவோம். அளவு 150 மி.மீ. × 66 மி.மீ., கல் சாம்பல் நிறம், பின்னால் செங்கோட்டை. முதல் வேலை விரலுக்கு. முன்பக்கம் இடம், வலம் இரண்டு ஓரங்களிலும் ஐந்து சாய்வுக் கோடுகள் இருக்கும். நகத்தை அவற்றின் குறுக்கே இழுங்கள், சொரசொரவென்று மேடு தட்டும். காந்தி உருவம், அசோகத் தூண், வலப்பக்க வட்டம் ஆகியவையும் அப்படியே மேடாக அச்சிட்டவை. பார்வையற்றவர்களுக்காக வைத்த அடையாளம் இது, எல்லாருக்கும் உதவுகிறது. 200 ரூபாயில் நான்கு கோடுகளும் நடுவில் இரண்டு சிறு வட்டங்களும், 100 ரூபாயில் நான்கு கோடுகள் மட்டும். ஒன்று கவனம்: மீன் ஈரமும் வெற்றிலைச் சாறும் பட்டுப் பல கை மாறிய நோட்டில் மேடு தேய்ந்துபோயிருக்கும். மேடு இல்லை என்பதற்காக மட்டும் கள்ள நோட்டு என்று முடிவுகட்டாதீர்கள்.

இரண்டாவது, சாய்ப்பது. நடுவில் ஓடும் பாதுகாப்பு இழை, நேராகப் பார்த்தால் பச்சை, சாய்த்தால் நீலம். வலப்பக்கம் கீழே ரூபாய்க் குறியோடு இருக்கும் 500 என்ற எண்ணும் அதே மாதிரி மாறும். மாறாமல் வெறுமனே மினுமினுத்தால் அது ஜிகினாத் தாளோ மினுக்கு மையோதான். மஞ்சள் பல்பின் கீழ் பச்சையும் நீலமும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் செல்போன் டார்ச்சைப் போட்டுப் பாருங்கள். 100 ரூபாயில் இழை மட்டுமே நிறம் மாறும், எண் மாறாது. அங்கே எண்ணைச் சாய்த்துப் பார்த்துவிட்டு நல்ல நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

மூன்றாவதுதான் ஆளைக் காட்டிக்கொடுப்பது. டார்ச்சை நோட்டுக்குப் பின்னால் வையுங்கள். அச்சில்லாத வெள்ளை இடத்தில் காந்தி முகமும் 500 என்ற எண்ணும் எழும். அசல் வாட்டர்மார்க் மையால் போட்டதல்ல. தாள் செய்யும்போதே நாரின் கனத்தைக் கூட்டிக் குறைத்து உருவாக்குவது. அதனால் கன்னத்தில் வெளிச்சமும் கழுத்தில் நிழலும் மெல்ல மெல்லக் கரையும். போலியில் வெள்ளையோ சாம்பலோ மையால் அச்சிட்டிருப்பார்கள்: முகத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல இருக்கும், டார்ச் இல்லாமல் மேசையில் வைத்தாலே தெரியும். அதே வெளிச்சத்தில் இழையையும் பாருங்கள். முன்பக்கம் விட்டுவிட்டுத் தெரிகிற இழை, வெளிச்சத்தில் ஒரே முழுக் கோடாக நிற்க வேண்டும். இரண்டு தாளை ஒட்டி நடுவில் இழையைச் செருகிய போலி என்றால் ஓரத்தைப் பெருவிரலால் பிதுக்கினால் தாள் பிரியும்.

சந்தேகம் தீரவில்லையா? பின்பக்க மொழிப் பட்டியில் கீழிருந்து மூன்றாவது வரி தமிழ். ‘ஐந்நூறு ரூபாய்’ என்ற பொடி எழுத்தை நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் உருப்பெருக்கியில் பாருங்கள். அசலில் கோடு அறுபடாமல் இருக்கும், வீட்டுப் பிரிண்டர் அடித்ததில் புள்ளி புள்ளியாகச் சிதறும். (நோட்டில் தமிழ் என்றதும் மொரீஷியஸ் நினைவுக்கு வரும். 1998-ல் தமிழைத் தேவநாகரிக்குக் கீழே இறக்கி அச்சிட்டார்கள். அங்குள்ள தமிழர்கள் எதிர்த்ததில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று.)

கட்டாக வாங்கும்போது மேலும் கீழும் அசலை வைத்து நடுவில் விளையாட்டு நோட்டைச் செருகுவது பழைய வித்தை. கட்டைப் பிரித்து விசிறி எண்ணுங்கள். இரண்டு நோட்டில் ஒரே வரிசை எண் வந்தால் வேறு சோதனையே வேண்டாம்.

நம்பக் கூடாத சோதனைகளும் உண்டு. வரிசை எண்ணில் நட்சத்திரம் இருந்தால் கள்ள நோட்டு என்பது வதந்தி. அச்சில் பழுதான நோட்டுக்குப் பதிலாகச் சேர்ப்பதுதான் நட்சத்திர நோட்டு, முழுக்கச் செல்லும். பச்சைக் கோடு காந்திக்குப் பக்கத்தில் இருந்தால் செல்லாது என்பதும் அந்த வகைதான். புற ஊதா விளக்கில் சாதாரணக் காகிதம் நீலமாகப் பளிச்சிடும், பருத்தித் தாள் மங்கலாகவே இருக்கும். ஆனால் சட்டைப் பையோடு சலவைக்குப் போன அசல் நோட்டும் சோப்புத்தூளால் பளிச்சிடும்.

சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருபவர்கள் கொண்டுவரும் நோட்டு வேறு கணக்கு. சிங்கப்பூரின் 2, 5, 10 வெள்ளியும் (அந்நாட்டு டாலர்) மலேசியாவின் 1, 5 ரிங்கிட்டும் இப்போது பெரும்பாலும் பாலிமர். கசக்கினால் விரிந்துகொள்ளும், ஊடே பார்க்கும் தெளிவான ஜன்னல் இருக்கும். அதன்மேல் வெள்ளை மை பூசியிருந்தாலோ நகத்தால் உரிந்தாலோ வாங்காதீர்கள். அமெரிக்க டாலர் எல்லா மதிப்பிலும் ஒரே அளவு. அதனால் 5 டாலரை வெளுத்து 100 ஆக அச்சிடும் மோசடி உண்டு. தாள் அசலே என்பதால் தாளை மட்டுமே சோதிக்கும் அயோடின் பேனா ஏமாந்துவிடும். 2013-லிருந்து வரும் 100 டாலரில் நீல நாடா தாளிலேயே நெய்யப்பட்டிருக்கும். நோட்டை முன்னும் பின்னும் சாய்த்தால் நாடாவிலுள்ள கோயில்மணி போன்ற படங்கள் 100 ஆக மாறிப் பக்கவாட்டில் நகரும். வலப்பக்க வாட்டர்மார்க்கில் ஃபிராங்ளின் முகம் வராமல் வேறெதுவும் வந்தால் விட்டுவிடுங்கள்.

கள்ள நோட்டு என்று தெரிந்தபின் அடுத்தவர் தலையில் கட்டுவது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 179-வது பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். கொடுத்தவர் எதிரே நிற்கும்போதே வாங்க மறுப்பது சுலபம். பிறகு தெரிந்தால் வங்கிக்குக் கொண்டுபோங்கள். முத்திரை குத்தி வைத்துக்கொள்வார்கள், பணம் கிடைக்காது, நோட்டும் திரும்ப வராது. ஒரே தடவையில் நான்கு நோட்டு வரை இருந்தால் மாதாந்திர அறிக்கையில் போலீசுக்குச் சேர்த்து அனுப்புவார்கள். ஐந்தைத் தொட்டால் முதல் தகவல் அறிக்கை பதிவாகும். எத்தனை நோட்டாக இருந்தாலும் ஒப்புகைச் சீட்டு தர வேண்டியது வங்கியின் கடமை, தரவில்லையென்றால் கவுன்டரை விட்டு நகராமல் கேட்டு வாங்குங்கள்.