தகரக் கூரை, பலகை சீலிங் வீட்டுல பெரிய ஃபேன் மாட்டுறது எப்படி

கோத்தகிரில எதுக்கு ஃபேன்னு மேட்டுப்பாளையத்துல இருந்து வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் கேப்பாங்க. சித்திரை வைகாசில தகரத்துக்குக் கீழ மத்தியானம் ரெண்டு மணிக்கு உக்காந்து பாத்தா கேக்க மாட்டாங்க. அதைவிட எங்களுக்கு ஃபேன் வேணுங்கறது ஐப்பசி கார்த்திகைல, இந்தப் பக்கம் பெரிய மழையே அப்பத்தான், துவைச்ச துணி மூணு நாளானாலும் காயாது, செவுரு ஓரமெல்லாம் பூஞ்சை பிடிச்சுக்கும். மாட்டுற முறை எல்லா ஊருக்கும் எழுதி வச்சிருக்காங்க, ஆனா அதெல்லாம் கான்கிரீட் சீலிங்ல கொக்கி ரெடியா தொங்குற வீட்டுக்கு. நம்ம பலகை சீலிங் வீட்டுக்கு யாரும் எழுதல, அதான் இது.

முதல்ல வாங்குறது. ரூமை அளந்துக்கங்க. பத்துக்கு பன்னண்டு அடி ரூமுக்கு 1200 எம்எம் தாராளமா போதும், எங்க ஹால் 14க்கு 18 அடி, அதனால 1400 எம்எம், அதாவது 56 இஞ்ச் எடுத்தோம். மோட்டார் பிஎல்டிசியா, அதாவது பிரஷ் இல்லாத டிசி மோட்டாரா பாருங்க. சாதா ஃபேன் 75 வாட் பக்கம் இழுக்கும், இது அதுல பாதி தான், கரண்ட் போனா இன்வெர்ட்டர்ல கூட நேரம் ஓடும், சாயங்காலம் வோல்டேஜ் இறங்குனாலும் வேகம் அவ்வளவா குறையாது. 2023 ஜனவரில இருந்து சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம், பெட்டில அது இருக்கான்னு பாத்துட்டு பக்கத்துலயே சிஎம்எம்னு போட்ருக்க காத்து அளவையும் ரெண்டு மாடலுக்கு ஒப்பிட்டுப் பாருங்க. ரிமோட்ல ரிவர்ஸ் இருக்கான்னு கட்டாயம் கேளுங்க, எல்லா மாடல்லயும் வராது, ஏன்னு கடைசில சொல்றேன்.

ராடு தனியா வாங்க வேண்டி வரும். தரையில இருந்து ரெக்கை எட்டு எட்டரை அடிக்குக் கீழ வரக்கூடாது, சீலிங்ல இருந்து ஒரு அடியாவது தள்ளி இருக்கணும், இல்லேன்னா காத்து மேல இருந்து இழுக்க எடமில்லாம சுத்தும் ஆனா வீசாது. எங்க சீலிங் 11 அடி, ஒன்றரை அடி ராடு போட்டதுல ரெக்கை ஒம்பது அடி பக்கம் நிக்குது.

இப்ப முக்கியமான வேலைக்கு வரேன், கொக்கி. எங்க வீட்டுல முன்னாடி ஒரு ஃபேன் இருந்துச்சு, மாட்டிக் குடுத்தவர் பலகை வழியா ரீப்பர்ல, அதாவது பலகை அடிச்சிருக்க ஒல்லியான மரச்சட்டத்துல, ரெண்டு மர ஸ்க்ரூ போட்டு கொக்கியை நிறுத்திட்டுப் போயிட்டாரு. ஒரு வருஷம் ஓடுச்சு. ஒருநாள் அம்மா கூட்டும்போது மேல பாத்து, கொக்கியை மூடியிருக்க கப்புக்கும் பலகைக்கும் நடுவுல விரல் அகலம் சந்து தெரியுதுன்னு சொன்னாங்க. ஏறிப் பாத்தா ரெண்டு ஸ்க்ரூவும் பாதிக்கு மேல வெளிய வந்திருக்கு, ஓட்டைக்குள்ள மரம் கறுத்துப் போயி மாவா உதிருது. கூரை ஒழுகுன ஈரம் உள்ளயே நின்னிருக்கு. அதுக்குக் கீழ தான் என் பையன் பாய் விரிச்சு தூங்குவான். அதனால கெஞ்சிக் கேக்கறேன், பலகைலயும் ரீப்பர்லயும் ஃபேன் தொங்க விடாதீங்க, உத்தரத்துல இல்லேன்னா கூரையைத் தாங்குற நல்ல கை மரத்துல மட்டும் தான்.

மரம் எங்க ஓடுதுன்னு தெரிய சீலிங்குக்கு மேல ஏற வழி இருந்தா ஏறிப் பாருங்க, டார்ச் எடுத்துக்கங்க. வழி இல்லேன்னா ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிட்டே போங்க, வெத்துப் பலகை டப்டப்னு சத்தம் வரும், மரம் இருக்க எடத்துல கெட்டியா ஒலிக்கும். கண்டுபிடிச்சதும் ஸ்க்ரூடிரைவர் முனையால அழுத்திப் பாருங்க. கற்பூர மரமோ சில்வர் ஓக்கோ எதுவா இருந்தாலும் நல்ல மரம்னா முனை உள்ள போகாது, கால் இஞ்ச் போனாலே அந்த எடம் வேண்டாம்.

உத்தரம் ரூமுக்கு நடுவுல வரலேன்னா ரெண்டு உத்தரத்துக்கு மேல குறுக்க ஒரு இரும்பு ஆங்கிள் போட்டு போல்ட் பண்ணி, அதுல கொக்கி விடுங்க. ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம். மரத்தைத் துளைச்சு மேல வரைக்கும் போற 10 எம்எம் போல்ட், மேல அகலமா வாஷர், ஒரு நட்டு, அது கழளாம இருக்க மேல இன்னொரு செக் நட்டு. மாட்டி முடிச்சதும் 25 கிலோ அரிசி மூட்டையைக் கயித்துல கட்டி ராத்திரி பூரா தொங்க விட்டோம். ஃபேன் அஞ்சாறு கிலோ தான், ஆனா ஃபேன் சுத்தி ஆடும், மூட்டை ஆடாது, அதனால நாலஞ்சு மடங்கு எடை வச்சுப் பாக்கறதுல தப்பில்ல.

மறுநாள் ஃபேன். சுவிட்சை ஆஃப் பண்ணா போதும்னு நினைக்காதீங்க, பழைய வீட்டுல சுவிட்ச் நியூட்ரல்ல போட்ருப்பாங்க, ஆஃப் பண்ணாலும் ஒயர்ல கரண்ட் நிக்கும். மெயினையே இறக்கிட்டு டெஸ்டர் வச்சுப் பாருங்க.

தரையிலயே ராடை மோட்டார்ல சேத்துருங்க. ஒயரை ராடு வழியா இழுத்து, ரெண்டு கப்பையும் ராடுல கோத்துட்டு அப்புறம் மேல கிளாம்ப் போடுங்க, கப்பு கோக்க மறந்தா எல்லாத்தையும் திரும்பக் கழட்டணும். போல்ட் போட்டு ஸ்ப்ளிட் பின் சொருகி ரெண்டு காலையும் நல்லா விரிச்சு விடுங்க, பக்கத்துல இருக்க சின்ன ஸ்க்ரூவையும் இறுக்குங்க. ரெக்கை இப்ப வேண்டாம், 56 இஞ்ச்சை ரெக்கையோட ஏணில தூக்கவே முடியாது. ஒருத்தர் ஏணியப் பிடிக்கணும், ஒருத்தர் மோட்டாரைத் தூக்கிக் குடுக்கணும். மேல கிளாம்ப்ல வர்ற ரப்பர் ரீல் கொக்கிக்குள்ள உக்காரணும், அதுல போல்ட் போகணும், இங்கயும் ஸ்ப்ளிட் பின் உண்டு.

ஒயர் மூணு தான், பேஸ், நியூட்ரல், எர்த். தகரக் கூரை வீட்டுல எர்த்தை விட்ராதீங்க, பழைய வயரிங்ல இல்லேன்னா லைசன்ஸ் இருக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இழுத்துக்கங்க. பிஎல்டிசிக்கு பழைய ரெகுலேட்டர் ஆகாது, அதைக் கழட்டிட்டு நேரா சுவிட்ச்ல குடுக்கணும்.

அப்புறம் ரெக்கை. மூணும் ஒரே எடைல சேத்து வர்ற செட், வேற ஃபேன் ரெக்கையக் கலக்காதீங்க. எல்லா ஸ்க்ரூவையும் பாதி இறுக்கிட்டு அப்புறம் ஒவ்வொண்ணா முழுசா இறுக்குங்க. ஒரே எடத்துல டேப் பிடிச்சு ரெக்கை முனைல இருந்து சீலிங் வரைக்கும் மூணுக்கும் அளந்து பாருங்க, ஒண்ணு மட்டும் வித்தியாசப்பட்டா அந்த ரெக்கை சரியா உக்காரல. முதல்ல மெதுவா பத்து நிமிஷம் ஓட்டுங்க, அப்புறம் வேகம்.

ரிவர்ஸ் எதுக்குன்னா, மார்கழி தைல ஹீட்டர் போட்டா சூடெல்லாம் மேல பலகைக்கு அடில போயி தேங்கிரும், கால் மட்டும் ஜில்லுனு இருக்கும். ரிவர்ஸ்ல ரொம்ப மெதுவா விட்டா காத்து மேல ஏறி செவுரு வழியா கீழ இறங்கும், அந்தச் சூடும் கூட வரும், நம்ம மேல காத்து அடிக்காது. ஃபேன் ஓடுதேன்னு கரி அடுப்பைக் கதவு சாத்தின ரூம்ல வச்சுராதீங்க, ஃபேன் அந்த விஷக்காத்தை வெளிய தள்ளாது, ரூமுக்குள்ளயே தான் சுத்த விடும்.

மழை முடிஞ்சு பனி ஆரம்பிச்சா மரம் காஞ்சு சுருங்கும், நட்டு லூசாகும். அதனால மேல நட்டையும் போல்டையும் சேத்து பெயின்ட்ல ஒரே கோடா இழுத்து வச்சிருக்கேன். தை மாசம் டார்ச் அடிச்சுப் பாத்தா போதும், கோடு உடைஞ்சு விலகியிருந்தா நட்டு திரும்பிருச்சுன்னு அர்த்தம், ஸ்பேனர் எடுத்துட்டு ஏறணும்.