டிசம்பர் 21 அன்று மொட்டை மாடியில் நடக்கும் தவறுகள்

ஆண்டிலேயே பகல் மிகக் குறுகிய நாளான குளிர்காலக் கதிர்த்திருப்பத்தைப் பிள்ளைகளோடு கொண்டாடுகிறோம் என்று கோலும் டேப்புமாக மாடியேறும் குடும்பங்களைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. கோலை நட்டு, மதிய நிழலை அளந்து வடக்கைக் கண்டுபிடிப்பது: செலவில்லாமல் இதைவிட நல்ல சோதனை கிடையாது. ஆனால் புதிதாக வருகிற எல்லாரும் அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். சூரியனை நேராகப் பார்க்காதே, தொப்பி போடு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

செல்போன் 12:00 காட்டியதும் கோடு இழுப்பது

இது இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற விஷயம். நம் கடிகாரங்கள் காட்டுவது 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரம். கோவை இருப்பதோ 77 டிகிரியை ஒட்டி. அதனால் அன்றைக்கு, நிழல் நேர் வடக்கே விழும் உச்சிப்பொழுது கோவையில் 12:20 வாக்கில்தான் வரும். சென்னையில் 12:07.

எங்கள் குடியிருப்பில் ஒருவர் ஒரு மீட்டர் பிவிசி பைப்பை நட்டு, சரியாக 12 மணிக்கு நிழல்மேல் கோடு போட்டு 'வடக்கு' என்று எழுதினார், அதுவும் சாக்பீஸில் இல்லை, எனாமல் பெயிண்ட்டில்! நிழல் 69 சென்டிமீட்டர், கணக்கோடு ஒத்துப்போனது. அந்த இருபது நிமிடத்தில் நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட மாறாது, ஆளை ஏமாற்றுவதே அதுதான். திசை மட்டும் மேற்கே 8 டிகிரி சாய்ந்துவிடும், நிழலின் நுனியில் அது கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர். அவர் மகள் காம்பஸை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இது வேற பக்கம் காட்டுதுப்பா" என்றாள். "காம்பஸ் ரிப்பேர் கண்ணு" என்று முடித்துவிட்டார். கோடு இன்னும் அங்கேயே இருக்கிறது, அந்தப் பெண் அதற்கப்புறம் மாடிக்கு வரவில்லை.

கடிகாரமே வேண்டாம். 11 மணிவாக்கில் கோலை மையமாக வைத்து, நிழலின் நுனியைத் தொடும்படி கயிற்றால் வட்டம் போடுங்கள். நிழல் சுருங்கி உள்ளே போகும், மதியத்துக்கு மேல் நீண்டு மறுபடி வட்டத்தைத் தொடும். இரண்டு புள்ளிகளையும் இணைத்தால் கிழக்கு மேற்கு. கோலிலிருந்து அந்தக் கோட்டின் நடுவுக்கு இழுத்தால் வடக்கு.

கோல் சாய்ந்திருப்பது

தூக்குக்குண்டு, ரசமட்டம். அவ்வளவுதான்.

மறுநாள் நிழலோடு ஒப்பிடுவது

ஒரு வாரம் முன்னே பின்னே அளந்தாலும் வித்தியாசம் அரை சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும், பிள்ளைகளுக்குச் சப்பென்று போய்விடும். குறியை அழிக்காமல் ஜூன் 21 வரை வைத்திருங்கள். அன்றைக்குச் சூரியன் நம் தலைக்கு வடக்கே போவதால் அதே கோலின் நிழல் தெற்கே விழும், 22 சென்டிமீட்டர்தான். மழைமேகம் விட்டால்!

நீண்ட இரவு என்றால் விடியலும் அன்றுதான் தாமதம் என்பது

இல்லை. நம் ஊர்ப்பக்கம் பொழுது சீக்கிரம் சாய்வது நவம்பர் பிற்பாதியில், தாமதமாக விடிவது ஜனவரி பிற்பாதியில்.

தைப் பொங்கல்தான் கதிர்த்திருப்பம் என்று சாதிப்பது

சூரியன் வடக்கே திரும்பும் உத்தராயணம் பொங்கலன்றுதான் என்று பாட்டி சொன்னால் சண்டை போடாதீர்கள். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. பூமியின் அச்சு மெல்லத் தள்ளாடுவதால் சுமார் 71 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகி, இப்போது மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாட்டியைச் சொல்லவிட்டு, பேரனைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

ஒரு மணிக்கே இலை போடுவது

வட்டத்தின் இரண்டாவது புள்ளி 1:40-க்குத்தான் வரும். பிரியாணி வாசம் வந்தால் மாடியில் ஒருத்தரும் நிற்க மாட்டார்கள். சாப்பாடு இரண்டு மணிக்கு.