கண்ணாடியில் மோதும் பறவைகள்: வடசென்னை வீடுகளிலும் கடைகளிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வானளாவிய கண்ணாடிக் கட்டடங்கள் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம்தான் இருக்கின்றன, ஆகவே வடசென்னைக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று எண்ணுவதே முதல் தவறு. அமெரிக்காவில் 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று, அந்நாட்டில் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி வரையிலான பறவைகள் கட்டடங்களில் மோதி இறப்பதாக மதிப்பிட்டது. அவற்றில் மிக உயர்ந்த கட்டடங்களின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. தாழ்வான கட்டடங்கள் எண்ணிக்கையில் மிகுதி என்பதோடு, பறவைகள் இரை தேடுவதும் ஒதுங்குவதும் மரங்களின் உயரத்தில்தான். பெரம்பூரிலோ மாதவரத்திலோ முகப்பு முழுவதும் நீலக் கண்ணாடி பதித்து, எதிரே ஒரு புங்க மரமும் நிற்கிற மூன்று மாடிக் கடையோ கல்யாண மண்டபமோ, பறவைக்கு ஐம்பது மாடிக் கோபுரத்தைவிட ஆபத்தானதாக இருக்கலாம்.

கண்ணாடி ஒரு தடை என்பது பறவைக்குப் புலப்படுவதில்லை. அதில் தெரியும் மரம் அதற்கு உண்மையான மரம்; வானம் உண்மையான வானம். இதை மறந்துவிட்டு மனிதக் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று செய்யப்படும் ஏற்பாடுகள்தாம் பெரும்பாலும் பயனற்றுப் போகின்றன. கழுகு வடிவ ஸ்டிக்கர் ஒன்றை நடுவில் ஒட்டிவிட்டு நிம்மதி அடைவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: பறவை அதைக் கழுகென்று அஞ்சுவதில்லை, அந்த இடத்தை மட்டும் விலக்கி அதன் பக்கத்திலேயே மோதுகிறது. புள்ளிகளோ கோடுகளோ கண்ணாடிப் பரப்பு முழுவதும், ஒன்றுக்கொன்று 5 செ.மீ. இடைவெளிக்கு மிகாமல் இருந்தால்தான், சிறு பறவைகளும் இதன் ஊடே நுழைய முடியாது என்று உணர்ந்து விலகும்.

அவற்றை உட்புறம் ஒட்டுவது அடுத்த தவறு. பிம்பம் கண்ணாடியின் வெளிப்பரப்பில் விழுவதால் உள்ளே ஒட்டிய புள்ளிகளும், மூடிய திரைச்சீலையும் பகல் வெளிச்சத்தில் அந்தப் பிம்பத்துக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. "ஜன்னலில் கம்பி இருக்கிறதே" என்று கேட்பவர்களும் உண்டு. நம் வீடுகளில் கம்பி உட்புறமும், வெளிப்பக்கம் திறக்கும் கண்ணாடிக் கதவு அதற்கு வெளியேயும் அமைவதே வழக்கம் என்பதால், கதவு மூடியிருக்கும்போது அந்தக் கம்பியால் பறவைக்குப் பயனில்லை. அதைவிடக் கண்ணாடிக்கு வெளியே இழுத்துக் கட்டிய ஒரு கொசுவலை பிம்பத்தையும் மங்கச் செய்யும், மோதலின் வேகத்தையும் குறைக்கும், செலவும் அதிகமில்லை.

வெயிலுக்கு அஞ்சி முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மின்னும் ஃபிலிமை ஒட்டுவதைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அது அறையின் சூட்டைத் தணிக்கலாம்; ஆனால் பிம்பத்தை மேலும் தெளிவாக்கி, அதுவரை அவ்வளவு ஆபத்தில்லாத ஜன்னலையும் பொறியாக மாற்றிவிடுகிறது. வெயிலைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால், வெளியே தொங்கவிடும் மூங்கில் தட்டி இரண்டு வேலையையும் செய்யும்.

கோடையில் பறவைகளுக்குத் தண்ணீர் வைப்பது நல்ல வழக்கம், ஆனால் வைக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டருக்குள் வைத்தால், திடுக்கிட்டுப் பறக்கும் பறவை மோதினாலும் அதற்குள் வேகம் எடுத்திருக்காது. இல்லையெனில் பத்து மீட்டருக்கு அப்பால் வைக்கலாம். இடைப்பட்ட தூரமே ஆபத்தானது. (பைக் கண்ணாடியைத் தேன்சிட்டு ஓயாமல் கொத்துவது வேறு கதை; தன் பிம்பத்தைப் போட்டியாளன் என்று எண்ணிச் செய்யும் சண்டை அது. ஒரு துணியால் மூடினால் ஓய்ந்துவிடும்.)

வலசைப் பறவை என்றதும் பழவேற்காட்டுப் பூநாரைகளை மட்டும் நினைப்பதும் தவறுதான். வட இந்தியாவிலிருந்து குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் ஆறுமணிக்குருவி இரவில் பயணம் செய்து, அக்டோபரை ஒட்டிய நாட்களில் களைத்துப்போய் நகரின் வீட்டுத் தோட்டங்களில் இறங்குகிறது. இரவில் வலசை போகும் பறவைகளை விளக்கொளி திசை மாற்றி இழுக்கும். 2023 அக்டோபர் 5 அன்று சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸ் மண்டபத்தில் மோதி ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் இறந்தன. அடுத்த ஆண்டு அந்தக் கண்ணாடிகளில் புள்ளியிட்ட ஃபிலிம் ஒட்டிய பிறகு இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. கடை மூடிய பின்னும் முகப்பு விளக்குகளை விடியும்வரை எரியவிடுவதை வலசைக் காலத்திலாவது நிறுத்தலாம்.

மோதி விழுந்த பறவையின் அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றுவது இரக்கத்தால் செய்யப்படுவதுதான், ஆயினும் அந்தத் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கினால் பறவை இறந்துவிடும். மேலே தூக்கி எறிந்து பறக்கிறதா என்று பார்ப்பதும் கூடாது. அப்படியே தரையில் விட்டால் காக்கைகளும் பூனைகளும் சும்மா விடா. காற்றுத் துளைகள் இட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, அதில் பறவையை வைத்து மூடி, இருளும் அமைதியும் உள்ள இடத்தில் ஓரிரு மணி நேரம் விட்டுவிட வேண்டும். அடிக்கடி திறந்து பார்ப்பதும், சூழ நின்று படம் எடுப்பதும் அதன் அச்சத்தையே கூட்டும். இறக்கை தொங்கினாலோ, இரத்தம் கசிந்தாலோ, அதற்குப் பின்னும் நிற்க முடியாவிட்டாலோ வனத்துறையையோ கால்நடை மருத்துவரையோ நாட வேண்டும். காட்டுப் பறவையை வீட்டில் வைத்து வளர்ப்பதை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. தெளிந்துவிட்ட பறவையைப் பகல் வெளிச்சத்தில், மரங்கள் உள்ள இடத்தில், அது மோதிய கண்ணாடிக்கு எதிர்த்திசையில் பெட்டியைத் திறந்து வைத்து, தானாக வெளியேற விட வேண்டும்.