முதிய பெற்றோர் உள்ள வீட்டில் அன்பு செய்யும் முறை

தாயோ தந்தையோ எண்பதைத் தொட்டு, துணையின்றி நடமாட இயலாத நிலைக்கு வரும்போது, அதுவரை பண்டிகைத் துணியிலும் தொலைபேசி விசாரிப்பிலும் அடங்கியிருந்த பிள்ளைகளின் பாசம் புதிய வேலைகளைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவற்றுள் சில உடலுழைப்பு. சில, கையைக் கட்டிக்கொண்டு பொறுத்திருப்பது.

பொறுத்திருப்பதை முதலில் சொல்லக் காரணம், நல்ல பிள்ளைகள்தாம் இதில் அதிகம் தவறுகிறார்கள் என்பதே. சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொள்ள அப்பாவுக்குப் பத்து நிமிடம் ஆகுமென்றால் அந்தப் பத்து நிமிடத்தை அவருக்கே விட்டுவிடுங்கள்; நாம் போட்டுவிட்டால் வேலை விரைவில் முடியும், ஆனால் பழக்கம் விட்டுப்போன விரல்கள் நாளடைவில் மேலும் இறுகிவிடும். அமர்ந்தபடி கீரை ஆயவும் பூண்டு உரிக்கவும் அம்மாவால் முடிகிற வரை அந்த வேலைகள் அவரிடமே இருக்கட்டும். அவர் கவனிக்காமல் விட்ட பழுத்த இலைகளை, அவர் கண்ணில் படாமல் பிறகு நீக்கிக்கொள்ளலாம்.

பேசும் முறையும் மாற வேண்டும். முதுமையில் பெரும்பாலும் முதலில் மங்குவது உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன் என்பதால், அடுத்த அறையிலிருந்து கத்தினால் சொல் தெளிவதில்லை. கோபம் மட்டுமே போய்ச் சேர்கிறது. எதிரே அமர்ந்து, உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி, சுருதி தாழ்ந்த, தெளிவான குரலில் நிறுத்திப் பேசுங்கள். மறதி நோய் உள்ள அம்மா, இறந்துபோன கணவரைத் தேடினால், அவர் இறந்ததை ஒவ்வொரு முறையும் நினைவூட்டுவது அவருக்கு ஒவ்வொரு முறையும் புதிய இழவுச் செய்தியாகிவிடும். அப்பாவைப் பற்றி அவரையே பேச வைப்பது மேல்.

படுக்கையிலேயே இருப்பவரை ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். அப்போது உடலைத் தரதரவென்று இழுக்காமல், இருவர் சேர்ந்து விரிப்போடு தூக்கி நகர்த்துங்கள். முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களை நாள்தோறும் பாருங்கள்; சிவந்திருந்தால் தேய்த்துவிடக் கூடாது, அங்கே அழுத்தம் படாமல் வைத்து மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். காற்று மெத்தை வாங்கிவிட்டால் திருப்ப வேண்டியதில்லை என்பது தவறான நம்பிக்கை. உணவை நிமிர்த்தி உட்கார வைத்தே ஊட்டி, பிறகும் 30 நிமிடமாவது அப்படியே இருக்கவிடுங்கள். விழுங்கும்போதெல்லாம் இருமல் வந்தால் ஊட்டுவதை நிறுத்தி மருத்துவரிடம் கேளுங்கள். உடல் துடைக்கும்போது கதவைச் சாத்தி, துடைக்கும் பகுதி தவிர மற்றதைப் போர்த்தி, தொடுமுன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடுங்கள். பெற்ற பிள்ளைதானே என்பதால் கூச்சம் போய்விடுவதில்லை.

இத்தனையையும் பெரும்பாலும் ஒரு மகளோ மருமகளோதான் சுமக்கிறார். வாரத்தில் ஒரு நாளேனும் அவருக்கு முழு ஓய்வு கிடைக்கும்படி முறை வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்ப் பிள்ளை பணம் அனுப்புவது ஒரு பங்கு. விடுப்பில் வந்து இரவுப் பொறுப்பை ஏற்பது மற்றொரு பங்கு. வந்து இறங்கியதுமே ‘ஏன் இப்படி மெலிந்துவிட்டார்?’ என்று உடனிருப்பவரை விசாரிப்பது எந்தப் பங்கிலும் சேராது.

சொத்துப் பேச்சு வந்தால் நழுவாதீர்கள். பெற்றோர் சொத்தை விலையின்றி உங்கள் பெயருக்கு மாற்றும் தான செட்டில்மென்ட் பத்திரம் எழுத முன்வந்தால், தங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்க்கும்படி நீங்களே சொல்லுங்கள். அந்த நிபந்தனை மீறப்பட்டால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, அவர்கள் தீர்ப்பாயத்தை அணுகிப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். மூத்த குடிமக்களுக்கான கட்டணமில்லா உதவி எண் 14567. அதையும் பெரிய எழுத்தில் எழுதி, அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.