சிங்கப்பூர்த் தீவுகளில் பனியுகத்தைத் தேடுவது எப்படி

பனியுகம் என்றதும் பனிப்பாறையைத் தேட வேண்டாம். சிங்கப்பூரில் விலகிப் போனது கடல். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இப்போதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் மலாயாவோடு ஒட்டிய ஒரே நிலம். புலாவ் உபினும் செயின்ட் ஜான்ஸ் தீவும் அன்றைக்கு வெறும் உள்நாட்டுக் குன்றுகள்.

மண் பரிசோதனைக்குத் துளை போடுகிற இடத்தில் மேற்பார்வை பார்ப்பவன் நான். அதனால் என் யோசனை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்: படகு ஏறுமுன் காலாங், மரீனா பக்கத்துப் பழைய போர்லாக் ஒன்றைப் பாருங்கள், துளையில் எந்த ஆழத்தில் என்ன மண் வந்தது என்று எழுதிவைக்கும் பதிவேடு அது. கட்டுமானத் துறையில் தெரிந்தவர் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். மேலே இருப்பது மரைன் கிளே, அதாவது கடலடிச் சேறு. நீலச் சாம்பல் நிறம், இடையிடையே சிப்பித் துண்டு, விரலால் அமுக்கினால் குழையும். 63.5 கிலோ சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, கம்பி இறங்க எத்தனை அடி என்று எண்ணி மண்ணின் கெட்டியைக் கணிப்பது எங்கள் வழக்கம். இந்தச் சேற்றில் பல நேரம் அடிக்கவே வேண்டியதில்லை, கம்பி தன் பாரத்திலேயே இறங்கிவிடும். அப்புறம் ஓர் ஆழத்தில் திடீரென்று அடி வாங்கத் தொடங்கும். குழாயைப் பிரித்தால் சிவப்பும் மஞ்சளும் திட்டுத்திட்டாக, நகத்தால் கீறினாலும் எளிதில் விட்டுக்கொடுக்காத களிமண். அதற்கும் கீழே மறுபடி நீலச் சாம்பல்.

நடுவில் வந்த அந்தச் சிவப்புத்தான் நாம் தேடுவது. கடல் விலகியதும் பழைய சேறு காற்றுப்பட்டுக் காய்ந்து, அதிலிருந்த இரும்பு துருவேறியிருக்கிறது. கீழ்ச்சேறு சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முந்தைய கடலுடையது. மேல்சேறு கடந்த 10,000 ஆண்டு விவகாரம். எல்லாத் துளையிலும் மூன்றும் வராது. பழைய பள்ளத்தாக்குகள் புதைந்த இடத்தில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

சரி, இப்போது உபின். சாங்கி பாயிண்டில் பம்போட் என்கிற சிறு மோட்டார் படகு 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும். உபினின் கிழக்கு முனையில் உள்ள செக் ஜாவா ஈரநிலத்துக்குக் கடல் வற்றம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். தீவின் கருங்கல் 20 கோடி ஆண்டுக்கும் மேல் பழையது, பனியுகத்தோடு ஒப்பிட்டால் கொள்ளுத் தாத்தா. ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குப் போன கல்லும் இங்கே வெட்டியதுதான். கரையோரப் பாறைகளில் மேலிருந்து கீழாக ஓடும் பள்ளக்கோடுகளைக் கவனியுங்கள். நெடுங்காலம் மழை அரித்தவை.

தெற்குத் தீவுகளுக்கு மரீனா சவுத் பியரில் படகு. செயின்ட் ஜான்ஸில் பாறை அடுக்குகளைப் பாருங்கள். பக்கத்து லாசரஸ் தீவின் வெள்ளை மணலில் நேரம் செலவழிக்காதீர்கள், அது கொண்டுவந்து கொட்டியது.

தொல்லியலில் ஆசையை அளவோடு வையுங்கள். உபினின் தஞ்சோங் தாஜாமில் 1949இல் கிடைத்த கல்கருவிகள் புதிய கற்காலத்தவை, பனியுகத்துக்கு வெகு பிந்தியவை. பனியுகக் கடற்கரைவாசிகளின் தடம் இன்று கடலுக்கு அடியில். அக்கால மனிதர் முகம் ஓரளவு தெரிய வேண்டுமானால் மலேசியாவின் பேராக் மாநிலத்து லெங்கோங் குகைகளுக்குப் போகலாம். 10,000 ஆண்டுக்கும் பழைய எலும்புக்கூடு அங்கே கிடைத்தது.

கரையில் செதுக்கிய மாதிரி ஒரு கல்லோ பானை ஓடோ கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள், தோண்டவும் வேண்டாம். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு டாலர் நாணயத்தை வைத்துப் படம் எடுத்து, கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொண்டு, தேசிய மரபுடைமைக் கழகத்துக்குத் தெரிவியுங்கள்.