இதய மின்னலையை நாலு கோர் மடிக்கணினியில் ஓடவிடுவது எப்படி?

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளே, இதைத் தொடங்க மீக்கணினி தேவையில்லை. பைதன் மொழியும், எண் அணிகளைக் கணக்கிடும் நம்பை (NumPy) நூலகமும், கோர்கள் தமக்குள் தகவல் பரிமாற உதவும் எம்பிஐயும் (MPI) போதும்.

படி 1: சமன்பாடு. தூண்டப்பட்ட இதயக் கலம் அயல் கலத்தைத் தூண்டும். பிறகு சிறிது நேரம் எதற்கும் அசையாது. 1996இல் வந்த அலியெவ்–பான்ஃபிலோவ் மாதிரி இதை இரண்டே மாறிகளில் அடக்குகிறது. மின்னழுத்தம் அ, மீட்சி ம:

அ மாறும் வேகம் = பரவல் + 8 × அ × (1 − அ) × (அ − 0.15) − அ × ம

ம மாறும் வேகம் = (0.002 + 0.2 × ம ÷ (அ + 0.3)) × (−ம − 8 × அ × (அ − 1.15))

பரவல் என்பது நாலு அயல் புள்ளிகளின் கூட்டுத்தொகையில் 4 × அ கழித்து, இடைவெளியின் வர்க்கத்தால் வகுத்தது.

படி 2: கட்டம். 200 × 200 புள்ளிகள், இடைவெளி 0.5, காலப்படி 0.02. எல்லாம் அலகில்லா எண்கள். விளிம்பில் உள்வரிசையையே பிரதி எடுங்கள். மின் வெளியே ஒழுகாது. இடப்பக்க மூன்று நிரல்களில் அ = 1, மற்றதெல்லாம் 0 என்று வைத்து ஓட்டுங்கள். இந்த மாதிரியின் அலைவேகச் சூத்திரப்படி அலை மறுகரை சேர 71 கால அலகு அளவில் எடுக்கும். கட்டத்தின் இடைவெளி பெரிது என்பதால் கொஞ்சம் மாறலாம். வெகுதூரம் விலகினால் பரவல் வரியைத்தான் முதலில் பாருங்கள்.

படி 3: பங்கிடுதல். உயிர்நாடி இதுதான். இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்வெளியை நினையுங்கள். அவரவர் துண்டில் அவரவர் வேலை. வரம்போரத்தில் மட்டும் அயலவரிடம் கேட்கவேண்டும். கட்டத்தை 50 வரிசைகள் கொண்ட நாலு துண்டாக்கி, கோருக்கு ஒன்றாகக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும் ஒரு வெற்று வரிசை சேருங்கள். ஒவ்வொரு படியிலும் முதலில் அயல் துண்டின் ஓர வரிசையை வாங்கி அதில் நிரப்புங்கள், பிறகே கணக்கு. இந்த ஒழுங்கு மாறினால் வரம்போரத்தில் அலை முறிந்து தெரியும். ம பரவுவதில்லை, ஆகவே அதை அனுப்பாதீர்கள்.

50 வரிசை கணக்கிட 2 வரிசை வாங்குவது கட்டுப்படியாகும். 200 துண்டாக்கினால் ஒரு வரிசைக்காக 2 வரிசை வாங்கவேண்டும். கோர் கூடும் அளவுக்கு வேகம் கூடாததற்கு இது ஒரு முக்கிய காரணம்.

படி 4: சேமிப்பு. கரண்ட் எப்போதும் போகலாம். 1,000 படிக்கொரு தடவை அ, ம, படி எண் மூன்றையும் தற்காலிகக் கோப்பில் எழுதி, எழுதி முடிந்தபின் பெயர் மாற்றுங்கள். பழைய கோப்பு பழுதாகாது.

இனி அலை நடுவுக்கு வரும்போது மேற்பாதியில் அ, ம இரண்டையும் 0 ஆக்கிப் பாருங்கள். அறுந்த நுனி சுருண்டு சுழலத் தொடங்கும். ஆபத்தான இதயத்துடிப்புக் கோளாறுகள் பலவற்றின் பின்னால் இருப்பது இப்படியான சுழல்தான்.